செருப்பக்காவிடம் கேட்ட ஒன்பதாவது கேள்வி

செருப்பக்காவுக்கு மறதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கோயிலுக்கு முந்நூறு பேர் வருவார்கள். முந்நூறு ஜோடியும் அவர் கை பட்டுத்தான் அடுக்கில் ஏறும். டோக்கன் கிடையாது, நம்பர் கிடையாது. உள்ளேயிருந்து வருகிறவரின் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார், கை தானாக இரண்டாம் தட்டுக்கோ நாலாம் தட்டுக்கோ போகும். சோதித்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று நான் ஒரு தடவை என் மனைவியின் செருப்பைக் காட்டி, அதுதான் என்னுடையது, எடுங்கள் என்றேன். "அவங்க இன்னும் உள்ள கும்பிட்டுக்கிட்டிருக்காங்க, ஐயா. வெறுங்காலோட நடத்திக் கூட்டிட்டுப் போகப் போறீங்களா?" என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது.

வாரத்தில் ஆறு நாள் அவருக்கு ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை. நிலத்தடியில் ஜன்னல் இல்லாத கூடம். படுக்கை விரிப்புகள் சூடான உருளைக்குள் புகுந்து மொரமொரவென்று வெளியே வரும். இந்த முனையில் இவர், அந்த முனையில் இன்னொருத்தி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மடித்து, ஒரே நேரத்தில் எதிரெதிரே நடந்து, ஒரே நேரத்தில் கை மாற்ற வேண்டும். ஒருத்தி ஒரு நொடி அசந்தாலும் விரிப்பு கோணிக்கொள்ளும். சோப்புத்தூள் பட்டு அவருடைய விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். அந்தக் கையோடுதான் ஞாயிற்றுக்கிழமை வந்து ஊரார் செருப்பைத் துடைத்து அடுக்குவார். மழை நாளில் வந்த ஷூக்களுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து ஈரம் எடுத்து வைப்பார். இதையெல்லாம் யாரும் அவரிடம் செய்யச் சொன்னதில்லை.

இது நடந்தபோது இந்த நாட்டுக்கு அவர் வந்து ஒன்பது வருஷம். கூட்டி வந்த புருஷன் இரண்டாம் வருஷமே வேறு ஒருத்தியோடு குடித்தனம் போய்விட்டான். மகளை எட்டு வயதில் ஊரில் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். அக்கா வீட்டிலிருந்து சித்தி வீடு, அங்கிருந்து ஒரு தூரத்து உறவு, பிறகு பள்ளிக்கூட விடுதி என்று அந்தப் பெண் நாலு இடம் மாறி வளர்ந்தாள். அவளை இங்கே கூட்டிக்கொள்ள வேண்டும். செருப்பக்காவுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இதில் முதல் தப்பு என்னுடையது என்பதால். ஊரில் இருபத்திரண்டு வருஷம் பத்திர எழுத்தராக இருந்தவன். பதிவு அலுவலக வாசலில் மேஜை போட்டு, நிலத்தையும் வீட்டையும் கை மாற்றி எழுதிக் கொடுத்தவன். இங்கே கோயில் அலுவலகத்தில் அரைநாள் எழுத்தர். கடிதம், சான்றிதழ், விண்ணப்பம் எல்லாம் என் கை வழியாகத்தான். சாமி கும்பிடுவதில் எனக்கு அவ்வளவாக நாட்டமில்லை. கோயில் டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது. ஒரு காலத்தில் தரைவிரிப்புக் கிடங்காக இருந்த இடம். படியேறினால் செருப்பு அடுக்கு, அதற்குப் பக்கத்தில் என் அறை. அதனால் ஏழு வருஷமாக அக்காவைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அரசாங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. வெளியிலிருந்து வந்து குடியேறுகிறவர்கள் அரசு அலுவலகத்துக்கு வா என்றால் வருவதில்லை. கோயில், சர்ச், பள்ளிவாசல் என்றால் கூப்பிடாமலே வருகிறார்கள். அப்படியென்றால் மொழி வகுப்பையும் வேலை ஆலோசனையையும் அங்கேயே கொண்டுபோய் வைத்தால் என்ன? நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. தகுதி பெற்ற இடத்துக்கு 'இணைப்பு மையம்' என்று பெயர். கூடவே வருஷா வருஷம் உதவித்தொகை. எங்களுக்கும் கிடைத்தது. இரண்டாம் மாடியை வகுப்பறை ஆக்கினோம். என் அரைநாள் சம்பளமும் அதிலிருந்துதான் வர ஆரம்பித்தது. ஆனால் மையத்துக்கு இருபது தன்னார்வத் தொண்டர்கள் இருக்க வேண்டும், அவர்களை யாரும் வற்புறுத்தியிருக்கக் கூடாது, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும் என்று பதினான்கு பக்கத்துக்கு விதிகள்.

எண்ணிப் பார்த்தால் பதினேழு பேர்தான் தேறினார்கள். பத்திரத்துக்குச் சாட்சி குறைந்தால் எதிர் டீக்கடைக்காரரைக் கேட்காமலே எழுதிக்கொண்டு பிறகு கையெழுத்து வாங்கிப் பழகிய கை இது. பூ கட்டுகிறவர், என் மனைவி, செருப்பக்கா என்று மூன்று பேரைச் சேர்த்து இருபது ஆக்கி அனுப்பிவிட்டேன். என் மனைவிக்கு இன்றுவரை இது தெரியாது.

போன வருஷம் அக்கா நிரந்தர அனுமதிக்கான விண்ணப்பத்தோடு என் அறைக்கு வந்தார். நூறு புள்ளி வேண்டும், அவருக்குத் தொண்ணூறு இருந்தது. மகளுக்குப் பதினெட்டு முடிய ஏழு மாதம். அதற்குள் அனுமதி கிடைத்து அவள் இங்கே வந்து இறங்கிவிட வேண்டும். பதினெட்டு ஆகிவிட்டால் அவள் குழந்தை இல்லை, தனி ஆள். அம்மாவோடு சேர்த்துக்கொள்ள வழி கிடையாது. மிச்சப் பத்துப் புள்ளிக்காக மேல்நிலை மொழித் தேர்வு எழுதப்போவதாக அக்கா சொன்னார். வேலைக்குப் போகவர பஸ்ஸிலேயே படித்துக்கொண்டிருந்தாராம்.

"எதுக்குங்க அந்தத் தலைவலி?" என்றேன். "தொண்டர் சான்றிதழுக்குப் பத்துப் புள்ளி இருக்கு. உங்க பேர் ஏற்கெனவே லிஸ்டுல இருக்கு. இப்பவே அடிச்சுத் தர்றேன்."

பேர் எப்படி லிஸ்டில் வந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சான்றிதழை வாங்கி, நாலாக, முனையோடு முனை பிசகாமல் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாள் அந்த வாரமே கடந்துபோனது. அடுத்த தேர்வு, அந்தப் பெண்ணின் பிறந்தநாளுக்குப் பிறகு.

நேர்காணலுக்கு நானும் துணைக்குப் போனேன். அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி, சாம்பல் நிறக் கைப்பை, தன்மையான பேச்சு. விதிப்படி ஒரு மொழிபெயர்ப்பாளரும் உண்டு, அவர் மேஜைமேல் இருந்த ஃபோனுக்குள் இருந்தார். குரலைக் கேட்டால் சின்னப் பையன் போலிருந்தது. தொண்டர்களிடம் கேட்பதற்கென்றே பத்துக் கேள்விகள் அச்சடித்து வைத்திருந்தார்கள். முதல் எட்டும் பிரச்சினை இல்லாமல் போயின. என்ன வேலை, எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம். எல்லாவற்றுக்கும் அக்கா டக் டக்கென்று பதில் சொன்னார். நான் மனதுக்குள் பத்துப் புள்ளியைக் கூட்டிவிட்டேன்.

ஒன்பதாவது கேள்வி: இந்தத் தொண்டை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாமா?

"முடியாது" என்றார் அக்கா.

மேஜைக்கு அடியில் அவர் காலை லேசாக மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று அதிகாரி கேட்டார்.

"என் பொண்ணு என்கிட்ட வந்து சேர மாட்டா."

அதிகாரியின் பேனா அப்படியே நின்றது. அப்படி யார் உங்களிடம் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை, அது எனக்கும் சாமிக்கும் உள்ள பேச்சு. அந்தப் பேச்சு கோயிலில் வைத்து நடந்ததா? ஆமாம். அப்போது கோயிலைச் சேர்ந்தவர் யாராவது அங்கே இருந்தாரா? பூசாரி இருந்தார். எத்தனை வருஷமாக இந்த வேலை? ஏழு. நடுவில் விடுப்பு எடுத்ததுண்டா? ஒருநாளும் இல்லை, காய்ச்சலோடும் வந்திருக்கிறேன். கேள்விக்குக் கேள்வி உண்மையே பேசினார், ஒவ்வொரு உண்மையும் எங்கள் தலையில் ஒரு கல்லாக விழுந்தது. ஃபோனுக்குள் இருந்த பையன் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான், பாவி.

அதிகாரி எழுதி முடித்து அக்காவை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார். ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தார். யாராவது உங்களை மிரட்டி வேலை வாங்கினால் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை என்று எங்கள் மொழியிலேயே அச்சடித்திருந்தது. அக்கா அதையும் நாலாக மடித்து வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளிவிட்டேன். ஒரு 'ஆமாம்' சொன்னால் வாய் வெந்தா போய்விடும், பத்துப் புள்ளியைக் காலால் எட்டி உதைத்துவிட்டு வருகிறீர்களே என்று கத்தினேன். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். புருஷன் போன அன்று வேண்டிக்கொண்டாராம். மகள் இங்கே வந்து, தானாகத் தன் செருப்பைக் கழற்றி அந்த அடுக்கில் விடுகிற நாள்வரைக்கும், இங்கே வருகிறவர்கள் செருப்பை எல்லாம் நான் காப்பேன் என்று. பலன் கேட்டுவிட்டு, அது கிடைப்பதற்கு முன்னாலேயே செய்ய ஆரம்பித்துவிட்ட வேண்டுதல்.

"நிறுத்தலாம்னு என் வாயாலயே சொல்லிட்டா, அது நான் சாமிகிட்ட போய்ச் சொன்ன மாதிரி ஆயிடும், ஐயா. அந்த அம்மாவுக்காகப் பொய் சொல்லலாம். என் பொண்ணு விஷயத்துல எப்படிச் சொல்றது?"

எனக்குக் கோபம் தணியவில்லை. பஸ் வந்ததும் தனி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பத்து நாளில் கடிதம் வந்தது. ஒரு கடிதம் கோயிலுக்கு: உங்கள் மையத்தில் ஒரு பெண்ணை, குடும்பத்துக்குத் தீங்கு வரும் என்ற அச்சத்தில் வைத்து, சம்பளமில்லாமல் ஏழு வருஷம் வேலை வாங்கியதாகச் சந்தேகம் எழுந்துள்ளது; விசாரணை முடியும்வரை அங்கீகாரம் நிறுத்திவைக்கப்படுகிறது. இன்னொரு கடிதம் அக்காவுக்கு: ஆறு வாரம் கழித்து மறுபடி நேர்காணல். அதற்குள் அவர் அந்த வேலையிலிருந்து முழுசாக விலகியிருக்க வேண்டும், விலகியதால் தனக்கு எந்தக் கெடுதலும் வரவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் சான்றிதழ் செல்லும், பத்துப் புள்ளியும் உண்டு.

கோயில் தலைவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷர், ஆனால் அரசாங்கக் காகிதம் என்றால் வியர்த்துவிடும். கடிதத்தைப் படித்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. அக்காவைச் செருப்பு அடுக்குப் பக்கமே விடக் கூடாது என்று உத்தரவு போட்டார். வேண்டுமானால் உள்ளே முன்வரிசையில் உட்கார்ந்து சாமி பார்க்கட்டும், நாற்காலிகூடப் போட்டுக்கொடுக்கலாம் என்றார்.

இதை அக்காவிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கலைந்த பிறகு, அடுக்குத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் இரண்டு கடிதத்தையும் படித்துக் காட்டினேன். துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நிறுத்தினா அவ வர மாட்டா. நிறுத்தலைன்னா அனுமதி கார்டு வராது. எந்தப் பக்கம் போனாலும் என் பொண்ணுதானே அடிபடுறா?" என்றார். அழுதார். ஏழு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பூசாரியைக் கூப்பிட்டோம். அவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, வேண்டுதலை வேறு ஆள் ஏற்றுச் செய்யலாம், தடையில்லை, ஆனால் அந்த ஆள் சொந்தமாக இருக்க வேண்டும் என்றார். அக்காவுக்கு இந்த நாட்டில் சொந்தம் என்று ஒரு ஈ காக்கை கிடையாது. அதற்கும் பூசாரியிடம் வழி இருந்தது. ஒரே வயிற்றில் பிறந்திருக்க வேண்டியதில்லை, சாமி முன்னால் நின்று அண்ணன் என்றோ தம்பி என்றோ ஏற்றுக்கொண்டால் போதும்.

"ஆனா ஒண்ணு. ஏத்துக்கிட்டா ஏத்துக்கிட்டதுதான். காரியம் முடிஞ்சதும் நான் அண்ணன் இல்லைன்னு கழண்டுக்க முடியாது" என்றார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். எப்படித் திறந்தேன் என்று எனக்கே தெரியாது.

"அந்த லிஸ்டுல உங்க பேரைக் கேட்காம எழுதினது நான்தான். பரீட்சை எழுத விடாமப் பண்ணினதும் நான்தான். நான் செய்றேன்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "செய்யலாம். ஆனா நீங்க எனக்கு யாரு?"

நியாயமான கேள்வி. எனக்கு அவரைவிடப் பன்னிரண்டு வயது கூடுதல். ஊரே அக்கா என்கிறதே என்று நானும் அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அண்ணன்னு வச்சுக்குங்க" என்றேன். பூசாரி எங்கள் இரண்டு பேரையும் சாமி முன்னால் நிறுத்தினார். அக்கா தன் துடைக்கும் துணியை என் கையில் கொடுத்தார். விஷயம் அவ்வளவுதான், இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

வெளியே வந்து எனக்கு மூன்று கட்டளை போட்டார். ஈரச் செருப்பை அப்படியே வைக்கக் கூடாது. அந்த அடுக்குப் பக்கம் நின்றுகொண்டு பொய் பேசக் கூடாது. மகள் வந்த பிறகு, வேண்டுதலைப் பற்றி அவளிடம் யாரும் மூச்சு விடக் கூடாது. யாரும் சொல்லாமல் அவளாகவே செருப்பைக் கழற்றி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். இரண்டாவது கட்டளைதான் எனக்குக் கஷ்டமாகப் பட்டது.

முதல் ஞாயிறு நான் பட்ட பாடு சொல்லி மாளாது. பதினோரு ஜோடி மாறிப்போயின. தலைவரே ஒரு காலில் தன் செருப்பும் இன்னொரு காலில் யாருடையதோவும் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். எழுத்தர் இனிமேல் செருப்புக்கும் பட்டா, சிட்டா கேட்பார் போலிருக்கிறதே என்று ஆளாளுக்குக் கிண்டல். என் மனைவி மட்டும் தன் செருப்பை என் கையில் தர மறுத்து வீட்டிலிருந்தே வெறுங்காலோடு வரலாமா என்று யோசித்தாள். அக்கா உள்ளே, தூணோரம் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். சாமியைப் பார்த்த நேரம் கம்மி.

நாலாவது ஞாயிறு அந்த அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். சாம்பல் நிறத் தட்டை ஷூ, குதிகால் ஓரம் தேய்ந்தது. வாங்கித் துடைத்து மூன்றாம் தட்டில் வைத்தேன். உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தார், தூணோரம் சும்மா உட்கார்ந்திருந்த அக்காவையும் பார்த்தார். திரும்பி வந்து ஷூவை மாட்டிக்கொண்டே, அந்தப் பெண் இப்போது இந்த வேலை செய்வதில்லையா என்று என்னிடம் கேட்டார். இல்லை, நான்தான் செய்கிறேன் என்றேன். எனக்கு அந்த ஊர் மொழி ஓரளவு வரும். பையிலிருந்து அச்சடித்த தாளை எடுத்தார். எட்டுக் கேள்விக்கும் அங்கேயே நின்று பதில் சொன்னேன், எல்லாம் உண்மை. ஒன்பதாவது வரப்போகிறது என்று தெரிந்ததும், இங்கே ஒரே சத்தம், கீழே போய்ப் பேசலாமா என்று கேட்டேன்.

அவர் ஷூவோடும் நான் வெறுங்காலோடும் பதினான்கு படி இறங்கினோம். டயர் கடை வாசல் தாண்டி, சாலையோரம் வந்து நின்றேன்.

நீங்கள் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாமா?

"தாராளமாக" என்றேன். "இன்றைக்கே வேண்டுமானாலும்."

அவர் அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு, குளிரில் வெறுங்காலோடு நிற்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கெட்டவர் இல்லை. மேலே வந்து நடந்ததைச் சொன்னதும் அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பத்திர எழுத்தர் புத்தி உங்களை விட்டு எங்க போகும்ண்ணே" என்றார். அண்ணே என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் நேர்காணலுக்கு அவர் தனியாகவே போய்வந்தார். இப்போது செய்கிறீர்களா? இல்லை. நிறுத்தியதால் கெடுதல் வந்ததா? இல்லை. இரண்டும் உண்மை. பத்துப் புள்ளி வந்தது, நிரந்தர அனுமதி வந்தது, கோயிலுக்கு அங்கீகாரமும் திரும்ப வந்தது. மகளுக்கான விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். பதினெட்டு முடியப் பத்தொன்பது நாள் இருக்கும்போது மகள் வந்து இறங்கினாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நான் சீக்கிரமே போய் மூன்றாம் தட்டில் நடு இடத்தைத் துடைத்துக் காலியாக வைத்திருந்தேன். அம்மாவும் மகளும் படியேறி வந்தார்கள். பெண் அம்மாவைவிட ஒரு பிடி உயரம். கறுப்பு ஷூ, வெள்ளை நாடா. "இவர் உன் மாமா" என்றார் அக்கா. அந்தப் பெண் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துவிட்டு, குனிந்து நாடாவை அவிழ்த்து, இரண்டு ஷூவையும் கழற்றினாள். நான் இரண்டு கையையும் நீட்டினேன்.

"வேணாம் மாமா, நானே வச்சுக்கிறேன்" என்று சொல்லி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, முதுகுப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் உதட்டின்மேல் விரலை வைத்தார்.

அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும். அவளுடைய அனுமதி அட்டை வந்தது, பதினெட்டும் ஆனது, அப்போதும் ஷூ பைக்குள்தான். எனக்கு முழங்கால் வலி ஆரம்பித்திருந்தது. பழைய புத்தியில், 'காலணிகளை உள்ளே கொண்டு செல்லக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் ஒரு அறிவிப்புகூட அடித்துக்கொண்டு வந்தேன். அக்கா அதை வாங்கி நாலாக மடித்து என் சட்டைப்பையிலேயே திருப்பி வைத்துவிட்டார். பெண்ணின் பெட்டியும் இன்னும் பிரிக்கப்படாமல் கட்டிலடியில்தான் இருக்கிறது, துணியை ஒவ்வொன்றாக எடுத்து உடுத்தி, துவைத்து, மறுபடி அதிலேயே வைக்கிறாள் என்று மெல்லச் சொன்னார். ஏன் என்று கேட்கப் பயமாக இருக்கிறதாம்.

நான் கேட்டேன். வேண்டுதலைப் பற்றித்தானே பேசக் கூடாது. ஒருநாள் அவள் தனியாக வந்தபோது, ஏம்மா எப்பவும் ஷூவைச் சுமந்துகொண்டே திரிகிறாய் என்றேன்.

"நான் இருந்த வீட்டுலெல்லாம் கிளம்புன்னா உடனே கிளம்பணும், மாமா. அப்பப் போய் செருப்பு எங்கன்னு தேடிக்கிட்டு நிக்க முடியாது."

சாதாரணமாகத்தான் சொன்னாள், மணி என்ன என்பதற்குப் பதில் சொல்வதுபோல. இதை அக்காவிடம் நான் சொல்லவில்லை.

அவளை மேல்மாடி மொழி வகுப்பில் சேர்த்துவிட்டோம். வகுப்பில் பல நாட்டுப் பிள்ளைகள். கோயிலுக்கே வராதவர்களும் வகுப்புக்கு வருவார்கள், மேலே தரைவிரிப்பு என்பதால் அவர்களும் என்னிடம் செருப்பைக் கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். இவள் மட்டும் பையோடு ஏறுவாள். இரண்டு மாதம் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நெரிகிற நேரம். அக்கா என் பக்கத்தில் படியோரம் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். மேலேயிருந்து இரண்டு மூன்று பிள்ளைகள் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். வகுப்பு ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது, அல்லது ஏதோ வேடிக்கை. அவள் கீழேயிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தாள். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று அந்த ஊர் மொழியில் பதிலுக்குக் கத்திக்கொண்டே, நாடாவைக்கூட அவிழ்க்காமல், குதிகாலால் குதிகாலை அழுத்தி ஒரு ஷூவை உதறினாள், இன்னொன்றையும் உதறினாள். எங்களைப் பார்த்தாளா என்பதுகூடச் சந்தேகம். மேலே ஓடிவிட்டாள்.

ஒரு ஷூ அடுக்கின் காலில் மோதி நின்றது. இன்னொன்று அக்காவின் பக்கத்தில் குப்புறக் கிடந்தது.

நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைத் தொடவில்லை. பிறகு நான் இரண்டையும் எடுத்தேன், துடைத்தேன், மூன்றாம் தட்டில் வைத்தேன். அக்கா எழுந்து நின்று, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போதும்ண்ணே. எழுந்திருங்க" என்றார்.

"எப்படி எழுந்திருக்கிறது? உள்ள இருநூறு பேர் இருக்காங்க, எல்லாரும் வெறுங்காலோடயா போவாங்க?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் மறுபடி உட்கார்ந்தார். கூட்டம் வெளியே வர ஆரம்பித்தது. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றுகூட மாறவில்லை. பூசாரியும் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினார். கடைசியில் அடுக்கில் அந்தக் கறுப்பு ஜோடி மட்டும் மிச்சம் இருந்தது. மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது, அவள் இறங்கி வர நேரமாகும் போலிருந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.